மாப்பிள்ளைக்கு வந்த கறி

என் கணவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே, "எனக்குக் கறி புடிக்காது, நீ துன்னு" என்பதுதான். நிக்காஹ் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கல்யாணப் பெண்ணிடம் முதன்முதலாகப் பேச எத்தனையோ இருக்கிறது. புழுக்கமாக இருக்கிறதா என்று கேட்கலாம். ஒன்றும் தோன்றவில்லை என்றால் சும்மா இருக்கலாம். இந்த மனிதர் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்த தட்டைப் பார்த்தார், வேர்த்தார், இதைச் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் நான் செங்கல்பட்டு மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகள்.

என் அத்தா எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல அவர் எலும்பு பார்ப்பார். ஒரு மனிதன் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் தட்டில் கிடக்கும் எலும்பைப் பார்த்தே அவன் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்பார். எலும்பில் சதையை விட்டுவைத்தால் சோம்பேறி. நல்லி எலும்பைத் தட்டி உள்ளே இருப்பதை உறிஞ்சத் தெரியவில்லை என்றால் மண்டையில் ஒன்றும் இல்லை. "மூஞ்சப் பாத்து ஏமாந்துடலாம், எலும்பப் பாத்து எவனும் ஏமாற முடியாது" என்பது அவர் கட்சி. வாடிக்கைக்காரர்கள் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள். கையில் கத்தி வைத்திருப்பவரிடம் யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஆனால் அவர் சொன்னது வெறும் ஜம்பம் இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, குழம்பு இறக்குவதற்கு முன்பே சட்டியிலிருந்து ஒரு நல்லியை எடுத்துத் தின்றுவிட்டு எலும்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டேன். சாயங்காலம் அத்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்கு மேல்வரிசையில் இடப் பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. அது எலும்பின் மேல் ஒரு கோடு போட்டுவிடும். "இது உன் பல்லு" என்றார். அடிக்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் அம்மாவைக் கூப்பிட்டு, "பாரு, எப்டி தொடச்சி வெச்சிக்கீறா பாரு. உன் பொண்ணுக்கு இந்த வயசுலயே என்னா தொழில் சுத்தம்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அதே மனிதர்தான் என் பெரியத்தா மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தைக் கலைத்துவிட்டவர். பெண் வீட்டு விருந்தில் அந்தப் பையன் நெஞ்செலும்பைப் பாதி கடித்துவிட்டு ஒதுக்கிவைத்தான். அத்தா பாயிலிருந்து எழுந்தார். "துன்ற கறிய மதிக்காதவன் கட்ற பொண்ண மதிப்பானா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் அத்தா பாயிலிருந்து எழுந்தால் அந்தக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவு பேரும் கெஞ்சியும் அவர் திரும்ப உட்காரவில்லை.

அப்படியானால் கறியே தொடாத ஒருவர் எப்படி இவர் கண்ணில் தேறினார் என்று கேட்பீர்கள். சஹன் காப்பாற்றியது. எங்களவர் விருந்துகளில் பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறியும் குவித்துவைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். நிச்சயத்தன்று மாப்பிள்ளையோடு ஒரே சஹனில் உட்கார்ந்தவர் அவருடைய தாய்மாமன் ஒருவர்தான். என் மாமியார் வேண்டுமென்றே அப்படி உட்காரவைத்திருந்தார். அந்தத் தாய்மாமன் நாலு பேர் பங்கையும் ஒற்றை ஆளாக முடித்தார். மாப்பிள்ளை தன் பக்கத்து ஓரத்து நெய்ச்சோற்றை மட்டும் விரலால் ஓரங்கட்டித் தின்றார். சஹன் உள்ளே வந்ததும் அத்தா எலும்புகளைப் பார்த்தார். கழுவி வைத்ததுபோல் பளபளவென்று கிடந்தன. "பையன் தங்கம்" என்றார். அவர் பார்த்தது மாப்பிள்ளையின் மாமன் பல்லை.

கல்யாணத்தன்றைக்கு வருகிறேன். மணமக்கள் இருவருக்கும் ஒரே தட்டு. அதை அறைக்குள் வைத்து, துணி போட்டு மூடி, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மூடியைத் திறந்தால் நெய்ச்சோறு, அதன்மேல் அத்தா தன் கையால் பார்த்துப் பார்த்து வெட்டிய முன்னந்தொடை. இவர் கறி பிடிக்காது என்கிறார்.

"ஏன்?" என்றேன்.

"புடிக்காது."

"ஒடம்புக்கு ஆவாதா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது."

"யாராவது சாமியார் கீமியார் சொன்னாங்களா?"

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "உனுக்குப் பாவக்கா புடிக்குமா?" என்றார். பிடிக்காது என்றேன். "ஏன்?" என்றார். சும்மா பிடிக்காது என்றேன். "அவ்ளோதான்" என்றார். "எங்கம்மா கண்ணு பட்டுச்சுன்றா. அக்கீமு வைத்தியரு பித்தம்ன்றாரு. எனுக்குச் சின்ன வயசுலேர்ந்து புடிக்கல, மீனும் புடிக்கல, வாயில வெச்சா வெளிய வருது. திருக்கழுக்குன்றத்துல மத்தியானம் ஆனா கழுகே மலைக்கு வந்து சக்கரப் பொங்கல் துன்னுட்டுப் போவுது. அத எவனாவது ஏன்னு கேக்கறானா? கையெடுத்துக் கும்பிட்றானுங்க. என்னெ மட்டும் புட்ச்சிகினு ஏன் ஏன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து கடற்கரைக்குப் போய்ச் சதுரங்கப்பட்டினம். தினமும் கழுகு பார்க்கப் போகும் கூட்டத்தை ஏற்றி இறக்குகிறவர். அதனால் கழுகு உதாரணம் சட்டென்று வந்தது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இவரைப் பிடித்துப்போயிற்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிடித்துப்போயிற்று. இவரை யாரும் கேலி பேசக்கூடாது என்று தோன்றியது.

பிறகு நான் சாப்பிட்டேன். இருவர் பங்கையும் சாப்பிட்டேன். அவர் சோறும் தயிர் வெங்காயமும் ரெண்டு வாழைப்பழமும் தின்றுவிட்டு, நான் தொடைக்கறியைப் பிரித்து மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுளிக்கவில்லை. நடுவில் ஒரு தடவை, "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தாவுக்குத் தெரியக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தோம். தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஒன்று, கறிக்கடைக்காரன் மாப்பிள்ளை கத்தரிக்காய் தின்கிறான் என்று மார்க்கெட்டே சிரிக்கும், அத்தா மானம் கப்பலேறும். ரெண்டு, அத்தா பாயிலிருந்து எழுந்துவிடுவார். நிக்காஹ் ஆனபிறகு எழுந்து என்ன செய்வார் என்கிறீர்களா? கல்யாணத்தைக் கலைக்க முடியாதுதான். மாப்பிள்ளை முகத்தில் விழிக்காமல் இருக்க முடியுமே. அத்தா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால் நான் நடுவில் நின்று என்ன செய்வேன்?

மாப்பிள்ளை ஏழு நாள் பெண் வீட்டில் இருக்கவேண்டும். அந்த ஏழு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏப்பம் வருகிறது. காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். மத்தியானம் நெஞ்செலும்புக் குழம்பு. சாயங்காலம் மூளை வறுவல். எல்லாம் அறைக்குள் ஒரே தட்டில் வரும், எல்லாம் என் வயிற்றுக்குள் போகும். எலும்பு விஷயத்தை நான் மறக்கவில்லை. ஒரு குவியலை வழக்கம்போல இடப் பக்கமாகக் கடித்தேன், அது நான். இன்னொரு குவியலைச் சிரமப்பட்டு வலப் பக்கமாகக் கடித்தேன், அது மாப்பிள்ளை. தட்டின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குவித்துவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய், "மாப்ள ஒண்ணு வெக்கல, எல்லாத்தையும் துன்னுட்டாரு" என்று சந்தோஷமாகச் சொல்வார். அத்தா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மறுநாள் அளவு இரட்டிப்பாகும். மூன்றாம் நாள் ரவிக்கை பிடித்தது. ஐந்தாம் நாள் தையல் விட்டது. "நாளைக்காச்சும் கொஞ்சம் மிச்சம் வெய்யேன்" என்றார் இவர். "மாப்ள மிச்சம் வெச்சா அத்தா பாயிலேர்ந்து எழுந்துடுவாரு" என்றேன்.

இவர் பாடு வேறு. நாலு நாளாக வெறும் சோறும் வெங்காயமும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து முகம் தெளிந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் அத்தர் வாசனைக்கு மேலே சாம்பார் வாசனை தூக்கியடித்தது. ஸ்டேஷன் பக்கத்து ஐயர் கிளப்பில் எட்டு இட்லி தின்றிருக்கிறார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைக் கழுவ வைத்து, ஏலக்காய் மெல்லக் கொடுத்து, அப்புறம்தான் மற்றவர் முன்னால் விட்டேன்.

எட்டாம் நாள் சதுரங்கப்பட்டினம் போனோம். மாமியார் வீட்டில் தினமும் மீன். எனக்கு மீனும் பிடிக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. இவருக்குத் தனியாக ஒரு கத்தரிக்காய் வதக்கல். என் மாமியார் நல்லவர்தான், ஆனால் மகனை அப்படி மறைத்துக் கட்டிவைத்ததில் என் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நாள் கூசினார். அந்த வீட்டில் கறி வாங்கும் பழக்கமே இல்லை. யாரும் கேட்காததை யார் வாங்கப்போகிறார்கள்?

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கறி வந்தது. அத்தா காலையில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, தேக்கிலையில் கட்டிய பொட்டலத்தை இவர் கையிலேயே கொடுப்பார். "மாப்ள, இது உங்களுக்கு. வூட்டுக்குப் போயி ஆக்கச் சொல்லித் துன்னுங்க" என்பார். இவர் அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவார். பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்குக் கழுகு பார்க்கப் போகிறவர்கள், நெற்றி நிறைய விபூதி. ஒரு நாள் ஓர் அம்மாள், "இன்னாபா கண்டக்டரு, பஸ்ல கவிச்சி அடிக்குது, நாங்க கோயிலுக்குப் போறோம்" என்று சத்தம் போட்டாராம். இவர் என்ன சொல்வார் பாவம். "எனுக்கும்தாம்மா புடிக்கல, மாமனார் வூட்டு மரியாதி" என்றாராம். அந்த அம்மாளுக்கே இரக்கம் வந்து, பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே கம்பியில் கட்டிவிட யோசனை சொன்னார். அப்படித்தான் அது வாராவாரம் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. மலைமேல் இருந்த கழுகுகள் கீழே இறங்கி வராதது இவருடைய நல்ல காலம்.

பொட்டலத்தை மாமியார் அப்படியே என் கையில் கொடுப்பார். "மாப்ளைக்குன்னு வந்தது. நீயே ஆக்கி நீயே துன்னும்மா. எலும்புகூட வெளிய தெரியக்கூடாது" என்பார். வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பேன். மீதி எனக்கு. நான் சந்தோஷமாகத் தின்றேன், கூடவே பயந்தேன். அத்தாவை ஏமாற்றித் தின்கிறோமே என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உறுத்தியது. உறுத்தினாலும் ருசி குறையவில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது மாப்பிள்ளை வந்த முதல் ஹஜ்ஜுப் பெருநாளில், குர்பானி கொடுத்த ஆட்டின் ஈரலை முதலில் மிளகு போட்டு வறுப்பார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும் மாப்பிள்ளைக்கு மாமனார் தன் கையால் முதல் துண்டை ஊட்டுவார். ஊட்டுவது கூடத்தில், பத்துப் பேர் பார்க்க. அந்தப் பத்துப் பேரும் மார்க்கெட் கறிக்கடைக்காரர்கள். அங்கே மூடிய கதவு கிடையாது, இவர் வாய்க்குப் பதில் என் வாயை நீட்ட முடியாது.

"வயித்து வலின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"பெருநாளன்னிக்கு மாமனார் கையால குடுக்கறத பொய் சொல்லித் தட்டக்கூடாது" என்றார்.

"ஆறு மாசமா இன்னா பண்ணிகினு கீறோம் நாம?"

"அது சொம்மா இருந்தது. இது வாயத் தொறந்து சொல்றது" என்றார். இந்த மாதிரி சட்டம் எல்லாம் அவரிடம் நிறைய உண்டு.

பழகிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். முதல் வாரம் அடுப்பங்கரை வாசலில் நின்று நான் கறி ஆக்குவதைப் பார்த்தார். இரண்டாம் வாரம் சட்டிக்குப் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்தார், முகம் பச்சையாகிப் போனது. மூன்றாம் வாரம் ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, முன்னைக்கு இன்னிக்கு கொஞ்சம் லேட்டாதான் வந்தது" என்றார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. விட்டுவிடுங்கள், நான் அத்தாவிடம் சொல்லிவிடுகிறேன், ஆனது ஆகட்டும் என்றேன். "உங்கத்தா மொகம் வாடிப்போயி, உன் மொகம் வாட்றத நான் பாக்கணுமா? ஒரு துண்டு. கண்ண மூடிகினு முழுங்கிட்றேன்" என்றார்.

பெருநாளுக்கு முதல் நாள் செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டிலேயே மார்க்கெட்டில் காய்கறி விற்கும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க நைனாவுக்கு ஒடம்பு இப்ப எப்டிமா கீது?" என்றார். கேட்ட குரல் ஒரு தினுசாக இருந்தது. நன்றாக இருக்கிறார் என்றேன். "நல்லாத்தான் இருப்பாரு. உக்கார வேணாம்னு சொல்லு, காரம் சேக்க வேணாம்னு சொல்லு" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனால் அத்தா மலைபோல நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளும் நிலையிலும் நான் இல்லை.

மறுநாள் தொழுகை முடிந்தது, குர்பானி முடிந்தது. ஈரலை நானே வறுக்கிறேன் என்று அத்தா எல்லோரையும் அடுப்பங்கரையிலிருந்து விரட்டிவிட்டார். கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் இவர், புதுச் சட்டை, புதுத் தொப்பி, முகத்தில் ரத்தமே இல்லை. நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

அத்தா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். கறுத்த மிளகு, நல்லெண்ணெய் மினுமினுப்பு. தட்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார். "பிஸ்மில்லா சொல்லுங்க மாப்ள" என்றார். இவர் திரைப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார்.

மென்றார். நெற்றியில் வேர்வை வழிந்தது. குரல்வளை ஏறி இறங்கியது. போச்சு, இப்போது வரும் என்று நான் திரையைப் பற்களால் கடித்துக்கொண்டேன். வரவில்லை. விழுங்கிவிட்டார். அத்தா இன்னொரு துண்டை நீட்டினார். அதையும் விழுங்கினார். கண்ணைத் திறந்து, கரகரத்த குரலில், "நல்லா கீது மாமா" என்றார். கறிக்கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்து, மாஷா அல்லாஹ் சொல்லி, மீதித் தட்டை இழுத்துக்கொண்டார்கள்.

நான் கொல்லைக்கு ஓடிப்போய் அழுதேன். எனக்காக ஒரு மனிதர் அதைத் தின்றுவிட்டார் என்று அழுதேன். கிணற்றடியில் கை கழுவ வந்த அத்தா என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்து என் கையில் வைத்தார். நிறைய ஈரல்.

"துன்னு. உனுக்குன்னு எட்த்து வெச்சேன்" என்றார்.

"அவருக்கு ஊட்டினீங்களே அத்தா, இன்னும் ரெண்டு துண்டு வெச்சிருக்கலாமே" என்றேன். பொய்யைத் தொடரவேண்டுமே.

"அவருக்கு ஊட்னது சேனக்கெழங்கு" என்றார் அத்தா.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஈரல் நறுக்கற கத்தியாலயே நறுக்கினேன். கத்தியத் தேய்ச்சிக் கழுவிட்டுத்தான். புதுச் சட்டி வாங்கியாந்தேன், கறி பட்டதுல ஆக்கல. தட்டுலயும் நடுவுல வாழையெலைய மடிச்சி வெச்சேன்." சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "மூணு வாரமா கடைக்குப் பின்னால ஆக்கி ஆக்கிப் பாத்தேன். மொத தபா நாக்கு வீங்கிப்போச்சு, ஒரு நாளு பூரா அரிப்பு. காய்க்காரம்மாதான் புளித்தண்ணில வேவ வெக்கச் சொன்னா. கறிக்கடைக்காரன் தெனம் சேனக்கெழங்கு வாங்கறானேன்னு ஊரெல்லாம் கேக்குது. இன்னா சொல்றது? மூலம்னு சொல்ட்டேன்."

மார்க்கெட்டில் மானம் போய்விடும் என்று யாருக்காக நான் ஆறு மாதம் பயந்தேனோ, அவர் தனக்கு மூலம் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. ரெண்டு குமியலா வெச்ச. ஒண்ணு எடது பக்கம், ஒண்ணு வலது பக்கம். நல்லிய எந்தப் பக்கம் கடிச்சா இன்னா? ரெண்டு தட்டு தட்டி, சின்ன ஓட்டையில வாய வெச்சு உறிஞ்சறவ நீ ஒருத்திதான். நிச்சயத்தன்னிக்குப் பாத்த பல்லு அந்தத் தட்டுல எங்கியும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு அத்தா மாப்ளைக்கு மாப்ளைக்குன்னு அனுப்சீங்க?"

அத்தா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே காய்ந்த கை. "பொண்ணுக்குன்னு அனுப்சா, உன் மாமியாரு, எங்க வூட்ல சோறு போடலியான்னு கேப்பாங்க. மாப்ளைக்குன்னா மரியாதி" என்றார். அப்புறம், "ஆம்பள துன்னாத வூட்ல கறி எப்டிமா வரும்? பொண்டாட்டி துன்னணும்னு எவன் கடையில போயி நிப்பான்? நான் இருக்கற வரிக்கும் நான் அனுப்சிட்டுப் போறேன்" என்றார்.

அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏழு நாள் நான் வலப் பக்கமாகக் கடித்துத் தாடை வலித்தது அத்தாவுக்குத் தெரியாதா?

"நீங்க பாயிலேர்ந்து எழுந்துடுவீங்கன்னு பயந்தேன்" என்றேன்.

"அன்னிக்கு அந்தப் பையன் கறிய கடிச்சிட்டு எறிஞ்சான். இவரு எறியல, உனக்குக் குடுத்தாரு" என்றார். "அவருகிட்ட சொல்லாத. ஈரலத் துன்னுட்டேன்னு அந்த மனுசன் நெனைச்சிகினு கீறாரு. இருக்கட்டும்."

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இவர் நிமிர்ந்து நடந்தார். பாதி வழியில் தொண்டையைச் செருமிக்கொண்டே, "ஏமே, ஈரல் துன்னா தொண்ட அரிக்குமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"மொத தபா அப்டித்தான் இருக்கும்" என்றேன்.

"எப்டித்தான் துன்றீங்களோ" என்றார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் வெள்ளிக்கிழமைப் பொட்டலம் தவறவில்லை. நாலாம் வருஷக் கடைசியில் அத்தா ஒரு வாரக் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். பொட்டலம் நின்றுபோனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அத்தாவே போய்விட்டார், கறி என்ன கறி. நாற்பது நாள் பாத்திஹா முடிந்து, இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை போயிற்று. மீனும் சோறுமாக வீடு நடந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இவர் வாசலில் வந்து நின்றார். கை நீட்டியபடி இருந்தது. கையின் முனையில் தேக்கிலைப் பொட்டலம். முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது.

"ஆரு குடுத்தா?" என்றேன்.

"ஆரும் குடுக்கல. மார்க்கெட்டுக்குப் போயி நானே நின்னு வாங்கியாந்தேன்." மூச்சைப் பிடித்துக்கொண்டே பேசினார். "நல்லியும் ஈரலும் கீது. உனுக்குத்தான. எதுனா தப்பா வாங்கியாந்துட்டேனா தெரியல. தொண்ட அரிக்காத ஈரலாப் பாத்துக் குடுப்பான்னு தெளிவா சொன்னேன். அந்தக் கடக்காரன் என்னெ ஒரு மாதிரி பாக்கறான்."

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தேன். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. இவர் வாசலை விட்டு உள்ளே வராமல் அங்கேயே நின்று, "இன்னா, கெட்டுப்போன கறியா?" என்றார்.

"இல்லீங்க. நல்ல கறிதான்" என்றேன்.